நீ கொடுக்கச் சொன்ன தாளை நான் கொடுக்கவில்லை

ஸ்கிலாரோ
மார்ச் 15, ஞாயிறு

அன்பு மகன் சவேரியோவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் காய்ச்சல் இருமல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு இடுப்பு இன்னும் இழுத்துப் பிடிக்கிறது, ஆனால் குருவிக் கூண்டைக் கழுவ மட்டும் எப்படியோ வளைகிறது. தவக்காலத்தில் யாரும் இறைச்சி தொடமாட்டார்கள் என்பதால் மீன் வியாபாரம் நன்றாகப் போகிறது. ஆண்டவர் நாற்பது நாள் பட்டினி கிடந்தார், இவர்கள் அதை நினைத்து நாற்பது நாள் இறால் தின்கிறார்கள், நான் ஏன் குறை சொல்லப்போகிறேன். இரண்டாவது குளிர்வண்டிக்குப் புது டிரைவர் போட்டிருக்கிறேன், பழையவன் ஐஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணினான்.

இதைப் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம், போன் என்றால் நடுவில் "அம்மா, அம்மா, கொஞ்சம் கேளு" என்று வெட்டுவாய். கடிதத்தை வெட்ட முடியாது. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளை வார்டுத் தலைவர் டாக்டர் ஸ்கொர்தோவிடம் நான் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை, இந்த உறைக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, ஆகவே கருக்கலைப்பு செய்யமாட்டேன் என்று அழகாக எழுதியிருக்கிறாய். நம் ஆஸ்பத்திரியில் இருக்கிற எட்டு மகப்பேறு டாக்டர்களில் ஏழு பேர் அந்தத் தாளைக் கொடுத்தவர்கள். கொடுக்காதவர் டாக்டர் லாகனா ஒருவர்தான். அவரும் ஏப்ரல் முப்பதோடு ஓய்வு பெறுகிறார், அவர் இடத்துக்குத்தான் நீ வருகிறாய். சட்டப்படி நடக்கிற வேலைக்கு, மூன்று லட்சம் பேர் இருக்கிற மாகாணத்தில், அதற்குப் பிறகு ஒரு ஆள் கிடையாது. இதை நீ எனக்கு எழுதவில்லை. "எல்லாரும் போடுறாங்க அம்மா, போடலன்னா வாழ்நாள் பூரா வியாழக்கிழமை கலைப்பு வேலைதான், மேல வரவே விடமாட்டாங்க" என்று மட்டும் போனில் சொன்னாய். அதில் மனசாட்சி எந்த இடத்தில் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு அகப்படவில்லை.

தாளைக் கொடுக்கத்தான் போனேன், மறைக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் ஏலம் முடிந்து கையைக் கழுவிக்கொண்டு, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். முதல் மாடி வராந்தாவில், மகப்பேறு வார்டுக்கு நேர் எதிரே, எர்மீனியாவும் அவள் ஜெபக்கூட்டமும் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் பிள்ளைகள், பின்னிய கம்பளிக் காலுறைகள், ஜெபமாலை. அந்த மேசைக்கு அரசாங்கப் பணம் வருகிறது, தெரியுமா உனக்கு, ஆலோசனை என்று பெயர். பெண்கள் சங்கத்துக்காரர்கள் சவரக்கடை மாடியில் ஒரு அறையும் ஒரு போனும் வைத்துக்கொண்டு அந்த வார்டுக்கு வருகிற பெண்களுக்குச் சொந்தக் காசில் வழி காட்டுகிறார்கள், அதை மூடச்சொல்லி எர்மீனியா எழுதிய மனுவை நம் பங்குச்சாமி தோன் மிம்மோ பூசையில் வாசிக்கிறார். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கன்னத்தில் முத்தம் கொடுத்து, "ஃபோர்த்துனாத்தா, உன் பையன் நம்ம பக்கம்னு கேள்விப்பட்டேன், மாதா உனக்குக் குடுத்த வரம்டி" என்றாள். "அவன் இப்போதைக்கு ஹாம்பர்க் பக்கம் இருக்கான்டி" என்றேன். மனுவைக் கடையில் ஒட்டச் சொன்னாள். மத்தி விலை எழுதுகிற பலகையைத் தவிர வேறு இடம் இல்லை, அதில் மத்தியோடு சேர்த்து ஒட்டினால் சம்மதமா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்கே ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், முப்பது வயது இருக்கும், மலைப்பக்கம் பேச்சு. பெயர் கேட்கவில்லை, கேட்க எனக்கு என்ன உரிமை. அன்று அவளுக்குக் கலைப்புக்கு நாள் குறித்திருந்தார்கள். டாக்டர் லாகனா காலை எட்டு மணியிலிருந்து பச்சை உடுப்போடு தயாராக நிற்கிறார், மயக்க மருந்து டாக்டருக்குத் திடீரென்று தலைவலி. ஆபீஸ் ஜன்னலில் இருந்த ஆள் தலையைத் தூக்காமலே, "அடுத்த வியாழன் வாங்க, ஒண்ணும் ஆகிடாது, நிறைய நாள் இருக்கு" என்று சொல்லி சீட்டை நீட்டினான். எர்மீனியாவின் கூட்டத்தில் ஒருத்தி உடனே போய் அவள் மடியில் ஒரு ஜோடி காலுறையை வைத்தாள், "பாத்தியா, ஆண்டவரே தள்ளிப்போட்டுட்டார், யோசிக்க நேரம் குடுத்திருக்கார்" என்றாள். அந்தப் பெண் காலுறையை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் நர்ஸ் அகத்தா வந்தாள். அகத்தாவை உனக்குத் தெரியும், சின்ன வயதில் கோயிலில் உனக்கு முதல் நன்மை வகுப்பு எடுத்தவள். அவளும் அந்தத் தாளைக் கொடுத்தவள்தான், அந்த அறைக்குள் காலை வைக்கமாட்டாள், அது அவளுக்குக் கொலை, நாற்பது வருஷமாக ஒரே பேச்சு. அவள் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணுக்கு நேராகக் குனிந்து, "நீ பண்றது பாவம்னுதான் நான் நினைக்கிறேன்மா, உனக்காக வேண்டிக்குவேன். ஆனா உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். உனக்கு இன்னிக்கு எண்பத்திரெண்டு நாள். அடுத்த வியாழன் சூசையப்பர் திருநாள், இங்க எல்லாம் மூடியிருக்கும். அதுக்கடுத்த வியாழன் தொண்ணூத்தாறு. சட்டத்துல தொண்ணூறுதான்" என்றாள். ஜன்னல்காரன் அப்போதுதான் தலையைத் தூக்கினான்.

மகனே, நான் முப்பத்தெட்டு வருஷமாக மீன் விற்கிறேன். வாங்க மனசில்லாதவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவான். உன்னை அழிக்க நினைக்கிறவன் வேண்டாம் என்று சொல்லமாட்டான், காப்பி குடித்துவிட்டு வருகிறேன், கொஞ்சம் பொறு என்பான். ஐஸ் உருகும் வரை பொறுக்கவைப்பான். ஆரம்பத்தில் என்னிடம் ஒரே ஒரு கூடை இருந்த காலத்தில் அந்த மாதிரி ஆட்களிடம் எத்தனை நாள் அழுதிருக்கிறேன். அந்த வராந்தாவில் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு அதே வேலையைத்தான் செய்கிறார்கள். முடியாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன ஒரே ஆள் அகத்தா, நாள் கணக்கைச் சரியாகச் சொன்னவளும் அவள்தான்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் ஸ்கொர்தோ வந்தார். "ஃபோர்த்துனாத்தாம்மா, பையனோட தாள் கொண்டுவந்தீங்களா" என்று கையை நீட்டினார். "மை இன்னும் காயல டாக்டர்" என்றேன். "காயட்டும் காயட்டும், போட்டுட்டா ஒரு தொந்தரவும் இல்ல, நிம்மதியா வேலை பாக்கலாம்" என்று சிரித்தார். இவருடைய மனசாட்சி பதினைந்து வருஷம் நன்றாகத் தூங்கிவிட்டு, தலைமைப் பதவிக்கு விண்ணப்பம் போட்ட வாரத்தில் விழித்துக்கொண்டது. ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வாள்மீன் கேட்டு ஆள் அனுப்புகிறபோது மட்டும் அது மறுபடி தூங்கிவிடுகிறது.

டாக்டர் லாகனா வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். ரொம்ப மெலிந்துவிட்டார். "நான் இருக்கேன், மயக்க ஊசி போட ஆளில்ல, என்ன பண்றது" என்று அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்க பையன் மே மாசம் வரானாமே, எந்தப் பக்கம்" என்றார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் மறுபடி கேட்கவும் இல்லை, பழகிவிட்டது போல.

சவரக்கடை மாடிக்குப் போன் பண்ணினேன். அந்தச் சங்கத்துப் பெண் இருபது நிமிஷத்தில் அடுத்த மாகாணத்தில் மறுநாள் காலைக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள், இரவு தங்க ஒரு வீடும் சொன்னாள். இதைத்தான் எர்மீனியா மூடச் சொல்கிறாள். பஸ் மத்தியானம்தான் என்றார்கள், நானே என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன், இரண்டரை மணி நேரம். வண்டியில் மீன் நாற்றம் அடிக்கும் என்றேன், பரவாயில்லை என்றாள். பாதி வழியில் ரொட்டியும் சூரை மீனும் வாங்கிக் கொடுத்தேன், பாதி தின்றாள். மூத்த இரண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டிருக்கிறாள், புருஷன் மிலானில் வேலை, வேறு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்டது அவள்தான். "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களாம்மா" என்றாள். ஒரு மகன், டாக்டர், ஜெர்மனியில் என்றேன். "என்ன டாக்டர்" என்றாள். உன் தாள் என் பையில், பை அவள் காலடியில். சந்தையில் ஒரு நண்டுக்காரன் விடாமல் எல்லோரிடமும் என் மகன் மகப்பேறு டாக்டர் என்று பீற்றிக்கொண்டவள் நான். "கண் டாக்டர்" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. "நல்ல வேலை" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். பொய் சொன்னது பாவம், ஆனால் இதைத் தோன் மிம்மோவிடம் பாவசங்கீர்த்தனமாகச் சொல்லி அவர் மன்னிக்கிற மாதிரி ஒரு அவமானம் எனக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் முடிந்தது, மாலை அவளைத் திரும்பக் கொண்டுவந்து மலை அடிவாரத்தில் இறக்கிவிட்டேன். நன்றாக இருக்கிறாள்.

அப்பாவிடம் சொன்னேன். "பையன் வாழ்க்கைடி, நீ ஏன் தலையிடுற" என்றார். தலையிடவில்லை. அகத்தாவைப் போல உன் உள்ளே ஒன்று வேண்டாம் என்று உண்மையாகவே சொல்கிறதா, அப்படியானால் தாளை நீயே கொண்டுவந்து உன் கையால் கொடு, நான் வாயைத் திறக்கமாட்டேன், எந்தப் பெண்ணிடமும் நாள் கணக்கில் பொய் சொல்லாமல் இருந்தால் போதும். பதவிக்காக என்றால் ஹாம்பர்க்கிலேயே இருந்துகொள், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ, அது எனக்குத் தாங்கும். ஆஸ்பத்திரி சமையலறைக்கு நான் போடுகிற மீனை நிறுத்திவிடுவார்கள் என்று எனக்காகப் பயப்படாதே, அவர்கள் உறைந்த மீனைத் தின்னட்டும்.

புதன்கிழமை அப்பாவின் பிறந்தநாள், மறக்காமல் கூப்பிடு. ஈரத் தலையோடு வெளியே போகாதே, வரும்போது அப்பாவுக்கு அந்த இடுப்புப் பட்டை ஒன்று வாங்கி வா. மாதா உன்னை எப்போதும் தன் நிழலில் வைத்திருக்கட்டும், உன் கைகளுக்கு ஒரு தீங்கும் வராமல் காக்கட்டும். மூடியிருக்கிற சூசையப்பர் திருநாளையும் சேர்த்து டாக்டர் லாகனாவுக்கு இன்னும் ஏழு வியாழக்கிழமைகள் இருக்கின்றன. எட்டாவது வியாழன் மே ஏழாம் தேதி, அன்றும் யாராவது ஒருத்தி அந்த நாற்காலியில் வந்து உட்காருவாள். அவளிடம் நான் என்ன சொல்லட்டும் என்று ஈஸ்டருக்குள் எனக்கு எழுது.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா ஃபோர்த்துனாத்தா