காற்றுக்கும் நிழல் உண்டு என்று சொன்னவளுக்கு

என் ஈஸ்வரிக்கு,

உன் இடத்தில் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள். அவளிடம் உன் பேச்சையே எடுக்கக் கூடாது என்கிறது கம்பெனி, பயந்துவிடுவாளாம். முதல் நாளே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பயப்படட்டும். நீயும் நானும் பயப்படாமல் இருந்ததுதானே தப்பு?

சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து, குன்றத்தூரில் என்னோடு ஒரே அறையில் இரண்டு வருடம் இருந்தாய். ஒரகடத்தில் இருவருக்கும் ஒரே கம்பெனி. நீ பெயிண்ட் உலர்த்தும் சூளையின் வாசலில், நான் சோதனைக்கூடத்தில். தலையில் அனல் இறங்குகிறது, கதவிடுக்கை அடைக்கும் சீல் போய்விட்டது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

மேனேஜர் என்னைச் சூட்டை நிறமாகக் காட்டும் வெப்பக் கேமராவோடு அனுப்பினார். படத்தில் தகடெல்லாம் நீலம், கதவோரம் மட்டும் கொஞ்சம் மஞ்சள். "கதவுன்னா அப்படித்தாம்மா இருக்கும். வெயில் காலம், எல்லாருக்கும்தான் புழுங்குது" என்று முடித்துவிட்டார்.

அந்தக் கேமராவுக்குக் காற்று தெரியாது, ஈஸ்வரி. எதிரே இருக்கும் தகட்டின் சூட்டைத்தான் காட்டும். நடுவில் ஓடும் அனல்காற்றைக் காட்டாது. டிப்ளமோவில் படித்த எனக்கு இது தெரியும். தெரிந்தே, மேனேஜர் நீட்டிய 'கசிவு இல்லை' என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன்.

நீ விடவில்லை. ஒரு காலை ஷிப்டில் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாய். ஜன்னல் வெயில் சூளைக் கதவைத் தாண்டி வெள்ளைச் சுவரில் விழுந்திருந்தது.

"இங்கன பாருங்கக்கா. கதவு நிழலுக்கு மேல இன்னொரு நிழலு நெளியுது. புகையே இல்ல, ஆனா நிழலு இருக்கு."

சூடான காற்று ஒளியை வளைக்கும். அதனால் அதற்கும் நிழல் விழும். ஆய்வகங்களில் இதற்கென்றே விளக்கும் கண்ணாடியும் வைத்துப் படம் எடுப்பார்கள். நீ வெறும் கண்ணால் கண்டுபிடித்திருந்தாய். நான் என்ன சொன்னேன்? ஆடிட் முடியட்டும், பேசுகிறேன் என்றேன்.

ஆடிட் முடிவதற்குள் நீ விழுந்தாய். உடம்பு கொதித்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. ஆம்புலன்ஸ் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று போனது. ஆஸ்பத்திரி சேர்வதற்குள் நீ போய்விட்டாய். காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கிய பெண் என்றது கம்பெனி. சாப்பிடாமலா? நான் கிண்டிய உப்புமாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றவள் நீ.

தொழிற்சாலை ஆய்வாளர் வந்த அன்று, யாரும் கூப்பிடாமலே ஒரு டார்ச்சும் வெள்ளை வரைதாளும் எடுத்துக்கொண்டு போனேன்.

"இன்னாம்மா இது, ஸ்கூல் எக்ஸிபிஷனா?" என்று மேனேஜர் மறித்தார்.

ஆய்வாளர் அம்மா அவரை நகரச் சொன்னார். கதவுக்கு இந்தப் பக்கம் டார்ச், அந்தப் பக்கம் தாள். கதவின் மேல்விளிம்பிலிருந்து நிழல் சுருண்டு வெளியே வந்தது. மின்விசிறிக் காற்று அதைக் கீழே தள்ளியது. ஆள் உயரத்தில் வந்து படர்ந்தது.

"இங்க யாரு நிப்பாங்க?" என்று கேட்டார். நான் உன் பெயரைச் சொன்னேன்.

ஒரே வாரத்தில் புதுச் சீல் போட்டார்கள். அந்த ஒரு வாரத்தை உனக்குத் தர இவர்களுக்கு என்ன கேடு? இப்போது கம்பெனி சொல்கிறது, சீல் பழுதானதே நீ போன பிறகுதானாம். அதற்குச் சாட்சியாக அவர்கள் நீட்டுவது எதைத் தெரியுமா? நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை.

அவர்கள்மேல் உள்ள ஆத்திரத்தைவிட என்மேல் உள்ளதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ "விடுங்கக்கா" என்றுதான் சொல்வாய்.

திங்கட்கிழமை விசாரணை. உன் அம்மா ஊரிலிருந்து வருகிறார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லப் போகிறேன்: அந்தத் தாள் பொய், பொய்யென்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவள் நான். வேலை போனால் போகட்டும். இந்தத் தடவை தள்ளிப்போட மாட்டேன், ஈஸ்வரி.

உன் கூடப் பிறக்காத அக்கா,
பரிமளா