வாலொடிச்சான்

12 பிப்ரவரி 1947, புதன். சுருளிப்பட்டி.
காலையில் நல்ல பனி. மாமனார் தோட்டத்து ஆயில் இஞ்சினைப் பிரித்தேன். வாஷர் தேய்ஞ்சு போச்சு. கம்பம் கடையில் கேட்கணும்.
காப்பிக்கடையில் மறுபடியும் அந்தப் பேர். "ஏலே, வாலொடிச்சான் வந்துட்டான்." ஏரோப்ளேன் வாலை நான் ஒடிச்சேனாம். ஒடிச்சது அதை ஓட்டின கேப்டன். வாலில் இருக்கிற சுக்கானோட கம்பியை மெக்கானிக் நான் அதிகமா முறுக்கிட்டேன்னு ப்ளேன் கம்பெனியில் எழுதிக் கொடுத்து, என் வேலையைத் தின்னவன். எட்டு மாசமாச்சு. வயிறு இன்னும் எரியுது.

13, வியாழன்
வாஷர் இல்லை. தபாலில் கேப்டன் கடுதாசி. அவனேதான்.
திங்கக்கிழமை அவனுக்குப் பரீட்சை, அன்னிக்கு வாலொடிஞ்ச அதே சின்ன ப்ளேனில். தவறினா லைசென்ஸ் போயிரும். அதோட சுக்கானை மிதிக்கிற கால் பக்குவம் எனக்குத்தான் தெரியுமாம், சொல்லித்தரணுமாம். 'தயவுசெய்து' ரெண்டு தடவை.
விஷயம் இதுதான். பெரிய ப்ளேன் எருமை. முழுக் காலால மிதிச்சாத்தான் சுக்கான் அசையும், அதுவும் நிதானமா. சின்னதில் சுக்கான் முனையில் ஒரு குட்டித் தகடு, பாதி வேலையை அதுவே பார்த்திரும். விரல் பட்டாலே திரும்பும். எருமை ஓட்டிப் பழகின காலோட சின்னதை இறக்கும்போது ஓங்கி மிதிச்சான். ப்ளேன் சுத்தி வேலியில் மோதி வால் ஒடிஞ்சது.
தந்தி அடிச்சேன்: உண்மையை எழுதிக் கையெழுத்தோட நேரில் வரவும்.
அம்புட்டுப் பெரிய ஆளு இங்கன வருவாகளான்னு பெண்டாட்டி கேட்டா. வருவான்.

15, சனி
வந்தான். முதல் பஸ்ஸில், தலையெல்லாம் புழுதி. நான் காப்பி கொடுக்கச் சொல்லலை. அவளாக் கொடுத்தா.
காகிதம் வாங்கினேன். கம்பி சரியாத்தான் இருந்தது, தப்பு என் கால்மேல்னு எழுதியிருந்தான். ரெண்டு தரம் படிச்சேன். ஊர்க்காரங்ககிட்ட காட்டிக்கிடுங்க, கம்பெனிக்கு மட்டும் வேண்டாம்னு கெஞ்சினான். நான் சரின்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை.
பெஞ்சியில் உட்காரவச்சு, ப்ளேன் மிதிகட்டைக்குப் பதிலாக் காலுக்கு ரெண்டு செங்கல். "குதிகாலை எடுக்காதீக. பெருவிரல் மட்டும். வால் அசைஞ்சதும் விட்டுருங்க." ஒண்ணையும் மறைக்கலை. சனங்க ஏறுற ப்ளேன். ஒரு மணி நேரம் பழக்கினேன், நல்லாவே வந்திருச்சு. கும்பிட்டுட்டுப் போனான்.
அவன் பஸ் ஏறின கையோட கம்பம் போஸ்டாபீஸ். காகிதத்தைக் கம்பெனிக்கே ரிஜிஸ்டர் தபாலில் போட்டேன். செவ்வாய்க்கிழமை போய்ச் சேரும்னு போஸ்ட்மாஸ்டர் சொன்னாக.
திங்கக்கிழமை பாஸாகட்டும். ஒரு ராத்திரி சந்தோஷமாத் தூங்கட்டும்.