வீடு பார்க்கப் போகும்போது ஒரு கிராம்பு

அத்தை,

இன்று காலை வீடு பார்க்கக் கிளம்பும்போது என் கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போய் ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. எனக்கு இருமலும் இல்லை, சளியும் இல்லை. செருப்பை மாட்டும்போது நாக்கில் காரம் ஏறியது. உடனே நீங்கள் வந்து பக்கத்தில் நின்றுவிட்டீர்கள், வெங்காயக் கலர் பட்டுச்சேலையும் நெற்றி நிறையத் திருநீறுமாக.

மறுபடியும் வீடு தேடல்தான். நீங்கள் பிடித்துக் கொடுத்த அதே மாடி வீட்டில்தான் இருக்கிறோம், வீட்டுக்காரம்மா வாடகையைக் கூட்டிக் கேட்கிறார். "ஜவுளிப் பூங்கா வருதுல்லம்மா, வெளியூர்க்காரக இதவிடக் கூடத் தாராக" என்கிறார். உங்கள் மகன் லோடு வண்டி ஓட்டிக் கொண்டுவருவதில் அவ்வளவு எடுத்து வைத்தால் அடுப்பு எரியாது. போதாக்குறைக்கு எங்கம்மா பந்தல்குடியில் வழுக்கி விழுந்து, ஒரு வாடகை அறையில் படுத்துக் கிடக்கிறார். ஒரே பிள்ளை நான். நான்தான் கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டும். படி ஏறாத வீடு வேண்டும். 'வயசானவுக, முடியாதவுக யாரும் இருக்காகளா?' என்று கேட்காத வீட்டுக்காரரும் வேண்டும். முதலாவது கிடைத்தாலும் கிடைக்கும்.

அன்றைக்கும் இதே கேள்விதான் நம்மைத் தெருத்தெருவாக விரட்டியது. அதற்கு முன் நாம் வாடகைக்கு இருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். தெருவில் பாதித் தறிகள் நின்று, கொட்டகைகளுக்குப் பூட்டுப் போட்டிருந்த நேரம் அது. "வேலை போனா வாடகை எறங்கணும்ல? ஏறுதே! இது என்ன கணக்கு?" என்று தரகரையே மடக்கினீர்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு குமாரலிங்கபுரம் பக்கம் கையைக் காட்டினார். பூங்கா அங்கே வருமாம், வாடகை இங்கே இப்போதே ஏறிவிட்டதாம். பந்தல்குடி ரோட்டில் இடம் வாங்கிப் போடலாம் என்று நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து விலையைச் சொன்னதும், "கருவேலம் மொளைச்ச காட்டுக்கு இம்புட்டா?" என்று ஒரு சிரிப்பு சிரித்தீர்கள். சிரித்தது இருமலில் போய் முடிந்தது. நீங்கள் வேலை பார்த்த பஞ்சு மில்லை மூடி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதன் தூசி மட்டும் உங்கள் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

அந்த இருமலால்தான் வீடு கைநழுவிக்கொண்டே போனது. எங்கே போனாலும் யாராவது முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள், 'அவுக வீட்டுல ஒரு சீக்காளி இருக்கு' என்று. பிணம் எடுத்த வீட்டுக்கு அப்புறம் ஆள் குடிவராது என்ற பயம் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும். உங்களை உங்கள் தங்கச்சி வீட்டில் கொஞ்ச நாள் விட்டுவிட்டு வீடு பார்க்கலாம் என்று உங்கள் மகன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "என்னைய ஒளிச்சு வச்சுக் குடிபோவீகளா? நானே வந்து நிக்கிறேன், பாத்துட்டுச் சொல்லட்டும்" என்று பெட்டியைத் திறந்து பட்டுச்சேலையை எடுத்தீர்கள்.

அந்த மாடிப்படி நினைவிருக்கிறதா? தலை தட்டுகிற மாதிரி குறுகலான படி. வீட்டுக்காரம்மா முன்னால், நீங்கள் நடுவில், நான் கடைசியில். உங்கள் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு படி தாண்டுவதற்குள் கீச்சுக் கீச்சென்று நெஞ்சில் சத்தம் வந்துவிட்டது. இதோ இருமப் போகிறீர்கள், இந்த வீடும் போச்சு என்றே நினைத்தேன். படி திரும்புகிற இடத்தில் நின்றீர்கள். கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, இருமலை அடக்க வாயில் போட்டிருந்த கிராம்பை ஒரு கன்னத்தில் ஒதுக்கி, ரொம்ப அக்கறையாகக் கேட்டீர்கள்.

"நீங்க பொறந்தது எந்த ஊரும்மா?"

பிறந்த வீட்டைப் பற்றிக் கேட்டால் எந்தப் பெண்தான் சுருக்கமாகச் சொல்வாள்? அவரும் அங்கேயே நின்று, அப்பா, கிணறு, அண்ணன்மார், சொத்துத் தகராறு என்று தொடங்கிவிட்டார். அவர் பேசப் பேச நீங்கள் மூச்சை வாங்கிக்கொண்டீர்கள். "அப்படியா", "அடடா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மேலே போனதும் அவர் கேட்டார்: "ஒங்களுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன" என்றீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் இருமல் வந்திருக்கும். அவருக்கு உங்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அட்வான்ஸை வாங்கிக்கொண்டார். தெருமுனை தாண்டியதும் கரண்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீங்கள் இருமிய இருமலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்களோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன புள்ள, பாஸா?" என்றீர்கள்.

வீடு கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை. நீங்கள் இருமத் தொடங்கினால் கீழே இருக்கும் வீட்டுக்காரம்மாவுக்குக் கேட்காமலிருக்க நான் ஓடிப்போய் மிக்ஸியைப் போடுவேன். உள்ளே ஒன்றும் இருக்காது, வெறும் மிக்ஸிதான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உங்கள் பேத்தி டிவியை அலற விடுவாள். "என்னம்மா, எந்நேரமும் சட்னியா?" என்று கீழேயிருந்து குரல் வரும். "எங்க மருமகளுக்குச் சட்னி இல்லாம சோறு எறங்காது" என்று நீங்களே எட்டிப்பார்த்துச் சொல்வீர்கள். அப்புறம் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வராது. படியில் காலடிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்த ஓடுவேன்.

நடக்க முடியாமல் போனதும் நீங்களாகவே சொன்னீர்கள். "திருச்சுழிக்கு என்னைய ஏத்தி விடு. தங்கச்சி வீட்டுல இருந்துட்டு வாரேன்."

"இப்ப எதுக்கு அத்தை?"

"அவ வீடு ஓட்டு வீடுன்னாலும் சொந்த வீடு. இங்கன எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்தப் பொம்பள ஒங்கள நிக்க விடுவாளா?"

உங்கள் மகன் சண்டை போட்டார், அழுதார், கடைசியில் வண்டியைக் கொண்டுவந்தார். நான் தடுக்கவில்லை. தடுத்தால் பிள்ளையையும் சாமானையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது? படி இறங்கும்போதும் கிராம்பு கேட்டீர்கள். "போயிட்டு வாரேம்மா" என்று வீட்டுக்காரம்மாவிடம் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்து நாங்கள் வந்தபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கமான மனுசி. நல்லவேள, இங்க வச்சு ஒண்ணும் ஆகல" என்றார். அந்தக் கையை உதறிவிட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அவரும் என்ன செய்வார், கீழே அவருடைய தறிகள் துணி போர்த்திக் கிடந்தன. நம் வாடகைதான் அவருக்கு அரிசி. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த 'நல்லவேள'யை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இன்று பார்த்தது கீழ்வீடு. வாசலில் ஒரு படிகூட இல்லை, கட்டில் போடக் காற்றோட்டமான அறை, நம்மால் தரக்கூடிய வாடகை. இப்படி ஒன்று இனி அமையாது. வீட்டுக்காரர் டவுனில் கடை வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் காட்டிவிட்டு, சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"வீட்டுல வயசானவுக, முடியாதவுக யாரும் இருக்காகளா?"

'நீங்க எந்த ஊருண்ணே?' என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. அம்மாவை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து விடலாம், மிக்ஸி இருக்கிறது, டிவி இருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டது. கன்னத்தில் கிராம்பு சுருக்கென்று குத்தியது. அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"எங்கம்மா இருக்காகண்ணே. இடுப்பு ஒடிஞ்சு படுக்கையில இருக்காக. இங்கதான் இருப்பாக. நாளைக்கு ஒண்ணு ஆனாலும் இந்த வாசல்ல இருந்துதான் எடுப்போம். சம்மதம்னா அட்வான்ஸ் வாங்கிக்கங்க."

சாவி உருளுவது நின்றது. அவர் என்னைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். "வீட்டுல கலந்துக்கிட்டுப் போன் போடுறேம்மா" என்றார்.

இருட்டப் போகிறது, போன் இன்னும் வரவில்லை. வராமலே போனாலும் போகலாம். நாளைக்கு வேறு தெரு, வேறு வாசல். பயமாகத்தான் இருக்கிறது அத்தை. ஆனால் எங்கம்மா எந்தப் படியிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.