தானே விழுந்த பையன்

அன்புள்ள டார்லா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். அமெரிக்கக் கால்பந்தில் பந்தெறிகிறவனைக் காத்து நிற்கும் ஐந்து தடியன்களுக்குப் பயிற்சி கொடுக்க இது எனக்குப் பதினோராவது ஊர். தலைமைப் பயிற்சியாளன் மெர்சரைப் போல ஒரு முட்டாளை எந்த ஊரிலும் பார்த்ததில்லை. எங்கள் அணியில் பந்தெறிவது அவன் பெற்ற ரத்தினம்தான்.

சனிக்கிழமை தோற்றோம். மறுநாள் எல்லோரும் ஆட்டத்தின் வீடியோ பார்க்கும்போது, "உன் தடிமாடுங்களாலதான்யா என் புள்ள விழுந்தான்!" என்று கத்தினான்.

அவன் விழும் இடத்தையே நாலு தரம் ஓட்டிக் காட்டினேன். "நல்லா பாருங்க சார், யாரும் தொடவே இல்ல. தன் காலே தடுக்கி விழுறாரு, உங்க சீமந்த புத்திரன்." அறையே சிரித்தது.

பெரிதாக ஒன்றுமில்லை, என் அலுவலக அறைச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டான்.

இந்த நெப்ராஸ்கா குளிருக்குக் கம்பளிக் கோட்டு கேட்டிருந்தேனே, அனுப்பாதே. நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டாவது ஊருக்காவது கூட வருவாயா?

அவசரத்தில்,
வெர்ன்