அம்மா சுமந்து வந்த கடிதம்

பிஷ்கெக், ஜூலை 6

நேரில் பார்த்திராத என் குபாத் அண்ணனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தபாலில் போட்டால் சிறையில் பிரித்துப் படிப்பார்கள். அதனால் உங்கள் அம்மாவிடம் கொடுத்தனுப்ப, உங்கள் வீட்டைத் தேடி வந்து, இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு வருடத்தில் இன்னொருவர் வீட்டில் நான் சாப்பிடுவது இன்றுதான். அம்மா ஆட்டுக்கறி சூப்பை ஊற்றிவிட்டு, "அவனுக்கு உன்ன மாதிரி ஒரு சிநேகிதன் முன்னாடியே கிடைச்சிருக்கக் கூடாதாப்பா" என்று அழுதார்கள். நமக்கு எப்படிப் பழக்கம் என்று நான் சொல்லவில்லை.

பெண்கள் ஒதுக்கியவர்களுக்கான நம் இணையக் குழுவில் நாலாயிரம் பேரும் உங்கள் படத்தைத்தான் முகப்பில் வைத்திருக்கிறார்கள். மேரிமுக்கு நீங்கள் கொடுத்ததை நானும் ஒருத்திக்குக் கொடுக்கப்போகிறேன். பெயர் பெகிமாய். எங்கள் ஊர் தோக்மோக்கில் கறி வைத்துச் சுட்ட சம்சா விற்கிறாள். ஊருக்கெல்லாம் பல்லைக் காட்டுவாள், எனக்கு மட்டும் இல்லை.

உங்கள் தம்பி,
உர்மத்

சிறை, ஜூலை 21

தம்பி உர்மத்,

நீ மூன்று கிண்ணம் குடித்தாயாம். அம்மா சந்தோஷமாகச் சொன்னார்கள்.

மேரிம் என்னைக் கேவலப்படுத்தினாள் என்று குழுவில் எழுதினேனே, அது பொய். டீ குடிக்க வருகிறாயா என்று கேட்டேன், வேலை இருக்கிறது என்றாள். அவ்வளவுதான். நீங்கள் எல்லோரும் உசுப்பேற்றிவிட்டீர்கள், நீயும்தான். நானும் அதற்காகவே காத்திருந்தேன்.

அவள் கடை ஷட்டரை இறக்கும்போது பின்னாலிருந்து குத்தினேன். கத்தி எலும்பில் சிக்கியது. முதுகில் காலை ஊன்றிப் பிடுங்கி, மறுபடியும் குத்தினேன். அவள் திரும்பிப் பார்த்து, "அண்ணா, நான் மேரிம்... ஆள் தெரியலையா?" என்றாள். வேறு யாரையோ குத்த வந்தவன் என்று நினைத்திருக்கிறாள். அதற்குப் பிறகும் குத்தினேன்.

வேண்டாம்டா.

குபாத்

தோக்மோக், ஆகஸ்ட் 14

குபாத்,

இனி அண்ணன் இல்லை. சிறைச் சோறு உன்னைப் பொட்டையாக்கிவிட்டது. குழுவில் சொன்னேன், உன் படத்தை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். கத்தி வாங்கியாயிற்று. முப்பத்தொன்றாம் தேதி, நம் நாட்டுச் சுதந்திர தினக் கூட்டத்தில், அவள் முகத்திலிருந்து ஆரம்பிப்பேன். உன் அம்மாவுக்காகத்தான் கடைசியாக ஒரு தரம் எழுதுகிறேன்.

உர்மத்

சிறை, ஆகஸ்ட் 30

உர்மத்,

இது கைக்கு வரும்போது நீ காவலில் இருப்பாய். உன் இரண்டு கடிதங்களையும் அதிகாரியிடம் நான்தான் கொடுத்தேன். தான் சுமந்து வந்தது என்ன என்று அம்மாவிடமும் சொன்னேன். என்னை ஓங்கி அறைந்தார்கள். போலீசுக்குக் காத்திராமல் பஸ் ஏறி பெகிமாயிடம் போனார்கள். அவளுக்கு உன் பெயரே தெரியவில்லை. அடையாளம் சொன்னதும், "தினம் ரெண்டு சம்சா வாங்கிட்டுத் தலை நிமிராமப் போவானே, அவனா? அவன் கூச்சப்படுவான்னுதான் நான் முகத்தையே பாக்கறதில்ல" என்றாளாம்.

என்னைச் சபித்துக்கொள். அவள் உயிரோடு இருக்கிறாள், நீ இன்னும் யாரையும் கொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அம்மா உன்னைப் பார்க்க வருவார்கள். திருப்பி அனுப்பிவிடாதே.

குபாத்