வயிற்றில் கீறிய ரப்பர் மீன்

பிப்ரவரி 12

அன்புள்ள டாக்டர் அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நலம் என்று பதிலுக்கு எழுத முடியவில்லை.

போனிலேயே பேசலாம்தான். ஆனால் போன மாதம் உங்கள் குரலை ஸ்பீக்கரில் போட்டபோது நடந்தது உங்களுக்கே தெரியும். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து திறந்து மூடினார். நீங்கள் ஹலோ ஹலோ என்றீர்கள். பிறகு லைன் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வலது கையும் காலும் இருந்தும் இல்லாத மாதிரிதான். நாம் சொல்வது அத்தனையும் புரிகிறது. பேச்சில் மட்டும் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது: "எப்ப?" சாப்பாட்டுக்கும் அதுதான், பாத்ரூமுக்கும் அதுதான். சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டு கேட்பது மட்டும் வேறு ஏதோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒருநாள் "பல்லு அண்ணனா?" என்று கேட்டேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் ஊர் மாறிப் போய் இரண்டு வருடமாகியும் பல் டாக்டரான உங்களுக்கு அவர் வைத்த பட்டப்பெயர்தான் இந்த வீட்டில் புழங்குகிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பயிற்சி கொடுக்க வருகிற பெண், அவருக்குப் பிடித்த வேலை எதையாவது கையில் கொடுக்கச் சொன்னாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் தூண்டில் பெட்டியை எடுத்து மடியில் வைத்தேன். அங்கேதான் வினை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வீட்டில் சும்மா இருக்க முடியாமல், இரையாகக் கோர்க்கிற அந்த ரப்பர் மீன்களையெல்லாம் அதனதன் பையிலிருந்து எடுத்து நிறவாரியாக ஒரே டப்பாவில் அடுக்கியிருந்தேன். இரண்டு வகைப் பிளாஸ்டிக், ஒன்றை ஒன்று கரைத்துவிட்டது. கண்ணும் வாலும் துருத்திக்கொண்டு ஒரே பிசினாகக் கிடந்தன. வேதியியல் படித்து, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவள் செய்கிற காரியம். அவர் டப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ரிப்பேருக்குப் போகிற இடத்தில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைத் திட்டுவது போல என்னையும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

புதிதாக வாங்க வேண்டும். கடையில் ஒரு சுவர் முழுக்கத் தொங்குகின்றன. பாஸ் மீனுக்கு எது, அதைத் தூண்டில் முள்ளில் கோர்ப்பது எப்படி என்று எழுதுங்கள்.

அதைவிட முக்கியம், நீங்கள் ஒரு முறை வர வேண்டும். ஏரிக்கரை மேடை வரை சக்கர நாற்காலி போகும். நான் போய்ப் பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
தங்கை

பிப்ரவரி 25

என் அருமைத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அண்ணிதான் படித்துக் காட்டினாள். நான் கண்ணாடியைத் தேடுகிற மாதிரி வேறு அறைக்குப் போய்விட்டேன்.

சரி, கடைக்கு வருவோம். உன் உள்ளங்கை நீளத்துக்கு மேல் போகாதே. அந்த ஏரியில் பாஸ் துரத்தித் தின்கிற குஞ்சு மீன் அந்த அளவுதான். வால் நுனி துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்க வேண்டும். அந்த ஆட்டத்தில்தான் எல்லாமே இருக்கிறது. தண்ணீர் தெளிந்திருந்தால் சாம்பல் முதுகும் வெள்ளை வயிறும். கலங்கியிருந்தால் முழு வெள்ளை. மினுக்குகிறதையெல்லாம் கடைக்காரன் எடுத்துக் காட்டுவான். அது மனிதனைப் பிடிக்கச் செய்தது. வால் மடங்கியிருந்தால் வெந்நீரில் முக்கி, நேராக்கி, ஆறவிடு. தயவுசெய்து எதையும் அடுக்காதே.

கரையெல்லாம் பாசி என்பதால் சாதாரண முள் சரிப்படாது. வயிற்றுப் பக்கம் ஈயம் சுற்றி, தலையில் சுருள் கம்பி வைத்த முள் கேள். முதலில் முள்ளை மீனின் பக்கத்தில் வைத்து, எங்கே நுழைந்து எங்கே வெளிவரும் என்று நகத்தால் அடையாளம் வை. சுருளை மூக்கின் நடுவில் திருகு. முள்ளை வயிற்றில் குத்தி முதுகில் எடு. நுனியை மட்டும் முதுகுத் தோலுக்குள் லேசாக ஒளித்துவை. பாசி மாட்டாது, பாஸ் கவ்வினால் ரப்பர் அமுங்கி நுனி தானாக வெளியே வரும். நடுக்கோட்டிலிருந்து மயிரிழை விலகினாலும் தண்ணீரில் பம்பரமாகச் சுற்றி தூண்டில் நரம்பை முறுக்கிவிடும். வாளியில் ஓட்டிப் பார்த்துக்கொள்.

குத்துவதற்கு முன்னால் நான் மட்டும் வயிற்றில் கிளினிக் பிளேடால் சாய்வாக ஒரு கீறல் போடுவேன், ரப்பர் நன்றாக அமுங்க. மாப்பிள்ளை அதைப் பார்த்தால் விடமாட்டார். "வந்துட்டாரு சர்ஜன். மயக்க ஊசி போட்டீங்களா, இல்ல அப்படியேவா?" இருபது வருடம் ஒரே படகில் இதே பாட்டு. நீ கீறாதே. கீறின மீனை அவர் தன் பெட்டியில் சேர்க்கமாட்டார்.

ஏப்ரலில் தண்ணீர் வெதுவெதுப்பாகி மீன் கரைக்கு ஏறும். இரண்டாவது வாரம் வந்து நிற்பேன். அவரிடம் சொல்லிவிடு.

அன்பு மாறாத,
பல்லு அண்ணன்

மார்ச் 18

அன்புள்ள டாக்டர் அண்ணாவுக்கு,

வாங்கினேன். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு. வாளி போதவில்லை, குளிக்கிற தொட்டியை நிரப்பி, அவர் நாற்காலியை அதன் ஓரத்தில் நிறுத்தினேன்.

நான் கோர்த்த முதல் மீன் மல்லாந்து மிதந்தது. அடுத்தது நீங்கள் சொன்ன பம்பரம். அவர் இடது கையால் தொட்டி விளிம்பைத் தட்டி, மீனைப் பிடுங்கி, பல்லால் கவ்விக்கொண்டு முள்ளை உருவினார். நான் பயந்தே போனேன். பிறகு என் கட்டைவிரலை இழுத்து மூக்கின் நடுவில் வைத்து, அங்கே, என்பது போல அழுத்தினார். திரும்பக் கோர்த்து நரம்பை இழுத்தேன். நேராக, வாலை ஆட்டிக்கொண்டு, தொட்டியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை வந்தது. அவர் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. கல்யாணமான நாளிலிருந்து தூண்டிலைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்னும் இரண்டு முறை இழுத்துக் காட்டினேன்.

"எப்ப?" என்றார்.

"ஏப்ரல்ல. பல்லு அண்ணன் வராரு."

அன்றிலிருந்து தூண்டில் ராடைப் படுக்கையோரம் சாய்த்து வைக்கச் சொல்லி ஒரே பிடிவாதம். நாற்காலியை ஜன்னலோரம், கேட் தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டிருக்கிறேன். மருந்தைத் துப்புவதில்லை. ஷேவ் செய்ய முகத்தைக் காட்டுகிறார்.

ஒன்று சொல்லவேண்டும். நான் யாருக்கும் நாள் குறித்து ஆசை காட்டுகிறவள் இல்லை. இது நீங்கள் சொன்ன நாள். அவர் இப்போது எழுந்திருப்பதே அதற்காகத்தான். வர முடியாது என்று ஏதாவது இருந்தால் இப்போதே எழுதுங்கள், பக்குவமாகச் சொல்லிக்கொள்வேன். தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

அன்புடன்,
தங்கை

ஏப்ரல் 15

அன்புத் தங்கைக்கு,

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. கிளம்புகிற நாளன்று முழங்கால் வீங்கிவிட்டது. ரயில் நிலையப் படிக்கட்டு வரைகூடப் போக முடியவில்லை. அண்ணி கையோடு வீட்டுக்குத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டாள். மனமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த மாதம் கட்டாயம். மீன் எங்கே ஓடிவிடப் போகிறது? மாப்பிள்ளையிடம், படகில் என் இடத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றேன் என்று சொல்.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 27

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்பே உங்கள் பொட்டலம் வந்துவிட்டது.

நீங்கள் வருவதாகச் சொன்ன வாரம், புதன்கிழமை நான் வேலையிலிருந்து திரும்பியபோது லெட்டர் பாக்ஸில் ஒரு பிளாஸ்டிக் பை. தபால்தலை இல்லை, பெயரில்லை. உள்ளே முள்ளில் கோர்த்த ரப்பர் மீன் ஒன்று. மிக அழகாகக் கோர்த்திருந்தது. எனக்கு அப்படி வராது. திருப்பிப் பார்த்தேன். வயிற்றில், சாய்வாக, ஒரு கீறல்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்கிற பெண்ணிடம் கேட்டேன். அவள் எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்லத் தெரியாதவள்.

"தொப்பி போட்டவர் ஒருத்தர் வாசல் கேட் கிட்ட ரொம்ப நேரம் நின்னாரும்மா. நான் சாருக்கு ஊட்டிக்கிட்டு இருந்தேன். சார் அவரைப் பாத்து இடது கையைத் தூக்கினாரு. அவரும் பாத்தாரு. அப்புறம் பாக்ஸ்ல எதையோ போட்டுட்டு விறுவிறுன்னு நடந்து போயிட்டாரு."

கழுத்தில் துண்டைக் கட்டி, வாயோரம் வழிவதை ஸ்பூனால் வழித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. உங்களுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அது எனக்குப் புரிகிறது. எனக்கும் சகிக்காத நாட்கள் உண்டு. ஆனால் நான் கேட்டுக்கு உள்ளே இருக்கிறேன்.

மீனை அவரிடம் காட்டியிருக்க வேண்டாமோ என்னவோ. பையோடு கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கையை நீட்டினார், கொடுத்துவிட்டேன். கட்டைவிரலால் அந்தக் கீறலைத் தடவினார். மேலும் கீழுமாக, நிதானமாக. பிறகு பெட்டியைக் காட்டினார். கீறின மீனைச் சேர்க்கமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். சேர்த்துக்கொண்டார். தன் கையாலேயே வைத்து, மூடியை அழுத்தினார்.

அதன்பிறகுதான் உங்கள் முழங்கால் கடிதம் வந்தது. அதை அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

மீன் வந்த மறுநாள் காலையில் நாற்காலியை ஜன்னலோரம் தள்ளினேன். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். இப்போது சுவரைப் பார்த்து உட்காருகிறார். ராடைப் பரணில் போட்டுவிட்டேன், தேடவில்லை.

"எப்ப" என்பதும் நின்றுவிட்டது. பசிக்கும் கேட்பதில்லை, பாத்ரூமுக்கும் கேட்பதில்லை. நாமாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இருந்த ஒரு சொல்லும் போய்விட்டதே என்று ஸ்கேன் எடுத்தோம். மூளையில் புதிதாக அடைப்பு எதுவும் இல்லை, காரணம் தெரியவில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்.

நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இனிமேல் வர வேண்டாம்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி