பிள்ளை அழவில்லையாம்

ஓமந்தை,
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை.

ஜெனிஸ்டனின் அப்பாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நீங்களும் வீட்டாரும் நலமா என்று கேட்டு எழுத மனம் வரவில்லை. நலமில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் என் குரல் கேட்டதுமே வெட்டிவிடுகிறீர்கள். கடிதத்தை வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதென்றாலும் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். இங்கே நெல் வெட்டு முடிந்தது. பாதியை யானை மிதித்தது, மிச்சத்தில் பாதியை மழை பார்த்துக்கொண்டது. வவுனியாவில் தொழுநோய்க்குத் தந்த குளிசைகளை ஒழுங்காக விழுங்குகிறேன். அதனால் முகம் கறுத்துப்போய்விட்டது, மருந்து முடிய நிறம் மெல்லத் திரும்புமாம். குளிசை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே என்னிடமிருந்து ஒருவருக்கும் தொற்றாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அக்காவின் பிள்ளைகள் என் சோற்றுக் கோப்பையிலேயே கைவைத்துச் சாப்பிடுகிறார்கள். உங்கள் அம்மா நான் சாப்பிட்ட கோப்பையைக் கிடங்கு வெட்டிப் புதைத்தார்.

“பெருவியாதிக்காரி இனி இந்தப் படலைக்குள்ள கால் வைக்கக் கூடாது” என்று மாமி கத்தினபோது நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றான். அவன் விரல்களைக் கழற்றி எடுத்தது நீங்கள்தான். அதை நான் மன்னிக்கவில்லை, மன்னித்தேன் என்று பொய் எழுதவும் மாட்டேன்.

சரி, வந்த விசயத்துக்கு வருகிறேன். இந்த வியாதி எனக்கு எப்படி வந்தது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். நம் உடம்பில் கிருமியைக் கண்டால் பிடித்து விழுங்கிவிடும் காவல் கலங்கள் உண்டாம். வேறு கிருமியென்றால் அவற்றின் வயிற்றுக்குள்ளேயே செத்துப்போகும். இது சாகாதாம். விழுங்கின காவல்காரனுக்குள்ளேயே குடியிருந்து, அவசரமில்லாமல் பெருகுமாம். பிறகு நரம்பைச் சுற்றிப் போர்த்திருக்கிற கலங்களுக்குள்ளும் போய் இருந்துகொள்ளும். அங்கே போனால் உடம்புக்கு அதை அடையாளம் தெரியாது. காய்ச்சல் இல்லை, நோவு இல்லை. நரம்பு கெட்டு, சூடும் முள்ளும் உறைக்காமல் போனபிறகுதான் ஆள் அறிவான். “எத்தனை வருசம் ஒளிச்சிருக்கும் டாக்டர்?” என்றேன். ஐந்து வருசமும் இருக்கலாம், சிலருக்கு இருபதும் ஆகலாம் என்றார். மருந்தில்லாத ஒரு ஆளோடு நெடுநாள் ஒரே வீட்டில் மூச்சுவிட்டால்தான் பெரும்பாலும் தொற்றுமாம்.

அக்கா குடும்பம், அம்மா, தம்பி எல்லோரையும் பரிசோதித்தார்கள். ஒருவருக்கும் இல்லை. நான் உங்கள் வீட்டுக்கு வாழ வந்து ஒன்பது வருசம்.

அன்றிரவு முழுக்க எனக்கு மாமாவின், உங்கள் அப்பாவின் கைதான் கண்ணுக்குள் நின்றது. இடது கையில் கடைசி இரண்டு விரலும் மடங்கியபடி. சண்டைக் காலத்தில் செல் வெடித்துப் பட்டது என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள், நானும் நம்பினேன். வன்னியில் மடங்கின விரலைப் பார்த்து யார் காரணம் கேட்கிறார்கள்? செல் என்றுதான் நினைத்துக்கொள்வோம். ஆனால் மாமாவுக்குச் செல் பட்டது காலில். அந்தத் தழும்பு ஊருக்கே தெரியும். கையில் ஒரு கீறல்கூட இல்லையே! கொதிக்கிற கறிச்சட்டியை வெறுங்கையால் இறக்குவார். கடல்காரன் கை என்று நாங்களே பெருமை பேசினோம். புருவம் கொட்டினதற்கு உப்புக்காற்று என்றார் மாமி.

சுகாதாரப் பரிசோதகர் வீட்டாரைப் பார்க்க வந்த அன்று, மாமாவை அவசரமாகத் தோணியில் ஏற்றிக் களப்புக்கு அனுப்பினீர்கள். வெட்கத்தில் செய்கிறீர்கள் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்திருக்கிறீர்கள். உங்கள் தங்கை கம்சாவின் கலியாணப் பேச்சுக்காகத்தானே? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இதையெல்லாம் விழுங்கிக்கொண்டு பேசாமல்தான் இருந்தேன். போன கிழமை கம்சா போன் எடுத்தாள். “அண்ணி, உங்கட மகன் இப்ப உங்களைத் தேடுறேல்லை. எரிஞ்சுகொண்டிருந்த நுளம்புத்திரி கையில பட்டுக் கொப்புளமே போட்டிட்டுது, அழவே இல்லை, தன்ர பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தவன். அப்பப்பாவைப் போல ஆம்பிளை” என்று சிரித்தாள். நெருஞ்சி முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிற பிள்ளை அவன். அந்த இடத்தில் ஏதும் நிறம் மாறியிருக்கிறதா என்று கேட்டேன். வெள்ளையாய் ஒரு தேமல் இருக்கிறதாம், மாமி வேப்பெண்ணெய் பூசுகிறாராம். இரவில் அவன் அப்பப்பாவோடுதான் படுக்கிறானாம்.

அது தேமலாகவே இருக்கட்டும். நான் தலையில் மண் சுமந்தாவது மாதாவுக்கு நன்றி சொல்வேன். ஆனால் தேமலென்றால் சூடு உறைக்கும், ஜெனிஸ்டனின் அப்பா.

மாமாவையும் பிள்ளையையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பிந்தினால் செத்த நரம்பு திரும்பாது, அவன் விரலும் மடங்கிவிடும். இப்போதே குளிசை தொடங்கினால் ஒரு ஊனமும் மிஞ்சாது. மாமாவை விரட்டச் சொல்லவில்லை. மருந்தெடுத்தால் அவரும் பேரனும் ஒரே பாயில் படுக்கலாம். எனக்குச் செய்ததை அவருக்கும் செய்யுங்கள் என்று சொல்கிற அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை.

கலியாணம் குழம்பும் என்று பயந்தால் ஊருக்கு இப்படிச் சொல்லுங்கள்: சுதாஜினிதான் கொண்டுவந்தாள், அவளால்தான் கிழவனுக்கும் பிள்ளைக்கும் தொற்றியது என்று. பூசை முடிந்து சனம் நிற்கும்போதே சொல்லுங்கள். வந்து கேட்டால் நானும் ஓம் என்பேன். மாமாவின் கையைப் பற்றி இந்தக் கடிதத்துக்கு வெளியே என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. என்னைத் திரும்பக் கூப்பிடவும் வேண்டாம்.

அங்கே அந்தத் தேமலில் ஊசி முனையால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். அப்போது அவன் கையை உங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மாதா அவனைக் கைவிடாமல், அந்த நேரம் அவனை வாய்விட்டு அழ வைப்பாளாக.

இப்படிக்கு,
அவனைப் பெற்றவள்,
சுதாஜினி